அந்தி வானத்தை வரைந்த டர்னர்

சூரியன் மறையும் நேரம். மேற்கு வானம் முதலில் மஞ்சளாகத் தெரிகிறது. சற்று நேரத்தில் அது ஆரஞ்சு நிறமாகிறது. பிறகு குங்குமச் சிவப்பு. பிறகு கத்தரிப்பூ நிறம். அதன் பிறகு இருட்டு.

இந்தக் காட்சியைப் பார்த்து மகிழ்வது எளிது. படமாக வரைவது எளிதல்ல. வர்ணப் பெட்டியும் தூரிகையுமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஒரு நிறத்தைத் தண்ணீரில் கரைப்பதற்குள் வானத்தில் அந்த நிறம் மறைந்துவிடும். காகிதத்தில் மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சையாகிவிடும். எல்லா நிறமும் ஒன்றாகக் கலந்தால் சேறு போல ஆகிவிடும்.

இப்படிப்பட்ட அந்தி வானத்தைக் காகிதத்தில் கொண்டுவருவதற்காகத் தம் ஆயுள் முழுவதும் உழைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர் டர்னர். ஜோசப் மல்லார்டு வில்லியம் டர்னர் என்பது முழுப் பெயர்.

அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்ல. அந்தி வானம் தீட்டும் வித்தை அவருக்குப் பிறவியிலேயே வந்ததும் அல்ல. தண்ணீரையும் வர்ணத்தையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு அவரே சோதித்துச் சோதித்துக் கற்றுக்கொண்டார்.

முடி திருத்தும் கடையில்

லண்டன் நகரில் கோவென்ட் கார்டன் என்ற பகுதி இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே பெரிய காய்கறிச் சந்தை நடந்து வந்தது. சந்தைக்குப் பக்கத்தில் மெய்டன் லேன் என்ற குறுகிய தெரு. அந்தத் தெருவில் வில்லியம் டர்னர் என்பவர் முடி திருத்தும் கடை வைத்திருந்தார். டோப்பா செய்து கொடுப்பதும் அவருடைய தொழில். அவருடைய மகனாக 1775-ம் ஆண்டில் நம் ஓவியர் பிறந்தார்.

சிறு வயதிலேயே பையனுக்குப் படம் போடுவதில் ஆசை. தகப்பனார் அந்த ஆசையைத் தடுக்கவில்லை. மகன் போட்ட படங்களைத் தம் கடையிலேயே மாட்டி வைத்தார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். சிலர் விலை கேட்டார்கள். ஒரு ஷில்லிங், இரண்டு ஷில்லிங், மூன்று ஷில்லிங் என்று படங்கள் விலை போயின.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. ஒரே தங்கை 1783-ல் இறந்து போனாள். அவளுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. தாயாருக்கு மன நோய் இருந்தது. அது வரவர அதிகமாயிற்று.

பத்து வயதில் பையனை பிரென்ட்போர்டு என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே அவனுடைய தாய்மாமன் கறிக்கடை வைத்திருந்தார். ஊரை ஒட்டித் தேம்ஸ் நதி ஓடுகிறது. அங்கே ஒரு புத்தகத்தில் அச்சாகியிருந்த படங்களுக்கு வர்ணம் தீட்டிக் கொடுத்து, பையன் கூலி வாங்கினான். பிறகு மார்கேட் என்ற கடற்கரை ஊரிலும் சில காலம் இருந்தான்.

நதியும் கடலும் அவன் மனத்தில் பதிந்தன. நதியின் மேலும் கடலின் மேலும் விரிந்து கிடந்த வானமும் பதிந்தது. மார்கேட் பக்கத்து வானம்தான் ஐரோப்பாவிலேயே அழகானது என்பது பிற்காலத்தில் அவருடைய எண்ணமாக இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அவர் பல முறை அங்கே போனார்.

வர்ணம் சொல்லித்தராத பள்ளி

1789-ம் ஆண்டில் டர்னர் லண்டன் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 14. அகாடமியின் தலைவராக இருந்தவர் ஜோஷுவா ரேனால்ட்ஸ். அவர் அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்த ஓவியர்.

அந்தப் பள்ளியில் ஒரு விசித்திரம் இருந்தது. அங்கே வர்ணம் தீட்டக் கற்றுத்தரவில்லை! சிலைகளைப் பார்த்துக் கோடு போட்டு வரைவதுதான் பாடம். பிறகு மனித உருவத்தைப் பார்த்து வரைவது. வர்ணத்தை மாணவர்கள் வெளியே எங்காவது கற்றுக்கொள்ள வேண்டும்.

டர்னர் வெளியே கற்றுக்கொண்டார். கட்டடங்களை அளவு தவறாமல் வரைவதில் தேர்ந்த தாமஸ் மால்டன் என்பவரிடம் வேலை பழகினார். 1790-ல் அகாடமியின் கண்காட்சியில் அவருடைய நீர்வர்ணப் படம் ஒன்று இடம் பெற்றது. அப்போது அவருக்கு வயது 15.

இரவு வேலை

அந்தக் காலத்தில் லண்டனில் மன்றோ என்ற டாக்டர் இருந்தார். மன நோய்க்கு வைத்தியம் செய்பவர். ஓவியங்களின் மேல் அவருக்குப் பிரியம் அதிகம். இளம் ஓவியர்களை மாலை நேரங்களில் தம் வீட்டுக்கு வரவழைப்பார். தம்மிடம் இருந்த நல்ல ஓவியங்களைக் கொடுத்து, அவற்றைப் பார்த்து வரையச் சொல்வார். அதற்குக் கூலியும் இரவுச் சாப்பாடும் உண்டு.

1794 முதல் சுமார் மூன்று ஆண்டுகள் டர்னர் அங்கே போய் வந்தார். அவரோடு தாமஸ் கர்ட்டின் என்ற இளைஞரும் வந்தார். இருவருக்கும் ஒரே வயது. கர்ட்டின் பென்சிலால் கோடு போடுவார். டர்னர் அதன் மேல் நீர்வர்ணம் பூசுவார். ஜான் ராபர்ட் காசன்ஸ் என்ற ஓவியரின் மலைக் காட்சிகளையே அவர்கள் பெரும்பாலும் வரைந்தார்கள்.

கூலி சிறிதுதான். கிடைத்த பயிற்சியோ பெரிது. ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொரு நிறமாக மாறுமாறு தண்ணீரைக் கொண்டு எப்படி இளக்குவது என்பதை டர்னர் இரவுக்கு இரவு பழகினார். மலையில் தவழும் பனியையும், தூரத்து வானத்தையும் அப்படித்தான் தீட்ட வேண்டும். அந்தி வானத்துக்கும் அதுவே அடிப்படை.

கர்ட்டின் நீண்ட நாள் வாழவில்லை. 1802-ல், 27-வது வயதில் இறந்து போனார். அதே 1802-ல் டர்னர் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 26. முடி திருத்துபவரின் மகனுக்கு இது பெரிய ஏற்றம்.

அந்த ஆண்டுகளில் வீட்டில் துக்கம் தொடர்ந்தது. தாயாரை 1800-ல் பெத்லம் மன நோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1804-ல் அவர் இறந்தார். பிறகு தகப்பனார் தம் தொழிலை விட்டுவிட்டு மகனுடன் வந்து தங்கினார். படத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார். முடிந்த படங்களுக்கு வார்னிஷ் பூசுவார். மகனுக்கு அவர் தகப்பனாரும் ஆனார், உதவியாளரும் ஆனார். டர்னர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம்

கோடை காலம் வந்தால் டர்னர் ஊர் சுற்றப் புறப்பட்டுவிடுவார். சிறிய மூட்டை ஒன்று, குடை ஒன்று, நோட்டுப் புத்தகங்கள் சில. அவ்வளவுதான் சாமான். ஒரு நாளில் இருபது மைல், இருபத்தைந்து மைல் நடப்பார். வேல்ஸ், ஸ்காட்லாந்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று அவர் போகாத இடம் குறைவு.

வழியில் கண்டதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொள்வார். வெளியில் உட்கார்ந்து வர்ணம் தீட்டுவது அவர் வழக்கமல்ல. ஒரு வர்ணப் படம் முடிக்கும் நேரத்தில் பதினைந்து பதினாறு பென்சில் படங்கள் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. வானத்தில் என்ன நிறம் இருந்தது என்பதைப் பக்கத்தில் ஒரு சொல்லில் எழுதி வைப்பார். மற்றதை மனத்தில் நிறுத்திக்கொள்வார்.

அவருடைய ஞாபக சக்திக்கு ஓர் உதாரணம் சொல்வார்கள். யார்க்ஷயரில் பார்ன்லி ஹால் என்ற மாளிகை. அதன் சொந்தக்காரர் வால்டர் பாக்ஸ், டர்னரின் நெருங்கிய நண்பர். 1810-ல் டர்னர் அங்கே தங்கியிருந்தபோது பெரிய புயல் மழை வந்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். டர்னர் வாசலில் நின்று ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் மேகங்களைக் குறித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் புயலே ஒரு பெரிய படமாக வந்தது. ஹானிபால் தம் படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் காட்சி அது. யார்க்ஷயர் மேகம் ஆல்ப்ஸ் மலை மேல் ஏறிவிட்டது!

எரிமலை கொடுத்த சிவப்பு

மாலை வானம் ஏன் சிவக்கிறது? நண்பகலில் சூரிய ஒளி நேராகக் கீழே இறங்குகிறது. மாலையிலோ அது சாய்வாக, காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிப் போகிறது. மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி நம் கண்ணுக்கு வருகின்றன. காற்றில் மிக நுண்ணிய துகள்கள் நிறைந்திருந்தால் நிறம் இன்னும் கூடலாம்.

1815 ஏப்ரலில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அது இன்றைய இந்தோனேசியாவில், சும்பாவா தீவில் இருக்கிறது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். எரிமலை கக்கிய நுண் துகள்கள் வானத்தில் மிக உயரத்துக்குப் போய் உலகம் முழுவதும் பரவின. 1816-ம் ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. ஒரே குளிர், ஒரே மழை. பயிர்கள் அழிந்தன. அந்தக் கோடையில் யார்க்ஷயரில் சுற்றிக்கொண்டிருந்த டர்னரும் மழையில் நனைந்து அவதிப்பட்டார்.

ஆனால் மேகம் விலகிய மாலைகளில் வானம் செக்கச்செவேல் என்று எரிந்தது. அந்த ஆண்டுகளில் டர்னர் ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதையும் வானத்துக்கே ஒதுக்கினார். அதில் அறுபதுக்கும் மேற்பட்ட நீர்வர்ணப் படங்கள். பெரும்பாலான படங்களில் வீடு இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை. வானம்தான். விற்பதற்காக அவற்றை அவர் தீட்டவில்லை. கை பழகுவதற்காகத் தீட்டினார்.

பின்னால் 2007-ல் கிரேக்க நாட்டு விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பழைய ஓவியங்களில் உள்ள அந்தி வானங்களின் நிறத்தை அவர்கள் அளந்தார்கள். அவற்றில் டர்னரின் படங்களும் இருந்தன. பெரிய எரிமலை வெடிப்புகளுக்குப் பிந்திய ஆண்டுகளில் தீட்டிய வானங்களில் சிவப்பு அதிகம் என்று கண்டார்கள்.

நனைந்த காகிதத்தின் ரகசியம்

டர்னர் வேலை செய்யும்போது பிறரைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. ஆனாலும் ஓரிருவர் நேரில் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கூறிய விவரங்களிலிருந்து அவருடைய முறை தெரியவந்தது.

முதலில் காகிதம். லினன் துணிக் கந்தலிலிருந்து செய்த கெட்டிக் காகிதத்தை அவர் வாங்குவார். அதன் மேல் வஜ்ஜிரப் பசை ஏற்றியிருக்கும். பசை இருப்பதால் வர்ணம் உடனே உள்ளே ஊறிவிடாது. சற்று நேரம் மேலேயே நிற்கும். வேண்டாத இடத்தில் அதைத் திரும்ப எடுத்துவிடலாம்.

அந்தக் காகிதத்தைப் பலகையில் ஒட்டுவார். பலகையின் பின்புறம் ஒரு கைப்பிடி இருக்கும். கைப்பிடியைப் பிடித்துப் பலகையோடு காகிதத்தைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி எடுப்பார். காகிதம் ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். வர்ணம் தானாகவே பரவும். மஞ்சள் எங்கே முடிந்தது, சிவப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாது. அந்தி வானத்திலும் அப்படித்தானே!

ஒரு காகிதம் காயும் வரை அவர் சும்மா இருக்கமாட்டார். அடுத்த பலகையை எடுப்பார். அடுத்தது, அதற்கடுத்தது என்று நாலைந்து படங்கள் ஒரே சமயத்தில் வளரும்.

சூரியனை எப்படித் தீட்டினார்? சில படங்களில் தீட்டவே இல்லை! நீர்வர்ணத்தில் வெளிச்சம் என்பது வெள்ளைக் காகிதம்தான். சூரியன் இருக்கும் இடத்தில் வர்ணம் படாமல் விட்டுவிடுவார். அந்த வெள்ளைப் பொட்டைச் சுற்றி மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, வெளியே நீலம் என்று வரும்போது காகிதமே ஜொலிக்கும்.

தவறி அந்த இடத்தில் வர்ணம் பட்டுவிட்டாலும் அவர் கலங்கமாட்டார். ஈரத் தூரிகையால் அந்த இடத்தை நனைப்பார். மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுப்பார். ரொட்டியின் மெத்தென்ற பகுதியால் தேய்ப்பார். மறுபடி வெள்ளை தெரியும். நீரில் மின்னும் ஒளிக் கீற்று வேண்டுமானால் கத்தி முனையால் சுரண்டுவார். கட்டைவிரல் நகத்தை இதற்காகவே நீளமாக வளர்த்திருந்தார்.

இந்த முறையில் பொறுமையும் வேண்டும்; வேகமும் வேண்டும். எந்த நிறம் ஈரத்தில் கலக்க வேண்டுமோ அதை ஈரம் காய்வதற்குள் விட வேண்டும். எந்த நிறம் கலக்கக் கூடாதோ அதற்குக் காகிதம் காயும் வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் காய்வதற்குள் நீலம் வந்தால் வானம் பச்சையாகிவிடும். எப்போது தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது என்பதே பாடம். ஒருவர் சொல்லி அது வராது. பல காகிதங்களைக் கெடுத்துப் பார்த்தால்தான் வரும்.

ஒரு காலையில் ஒரு கப்பல்

1818-ல் டர்னர் மறுபடியும் பார்ன்லி ஹாலில் தங்கியிருந்தார். போர்க்கப்பல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று காட்ட ஒரு படம் வேண்டும் என்று நண்பர் பாக்ஸ் கேட்டார். காலை உணவு முடிந்திருந்தது. நண்பரின் மகனையும் பக்கத்தில் அழைத்துக்கொண்டு டர்னர் உட்கார்ந்தார்.

பையன் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். டர்னர் முதலில் காகிதம் ஊறிப் போகும் அளவுக்கு வர்ணத்தை ஊற்றினார். பிறகு வெறி பிடித்தவர் போலத் தேய்த்தார், சுரண்டினார், கிழித்தார். காகிதத்தில் ஒன்றுமே புரியவில்லை. ஒரே குழப்பம்! மெல்ல மெல்ல அந்தக் குழப்பத்திலிருந்து ஒரு கப்பல் எழுந்தது. பாய்மரக் கயிறுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. மதிய உணவுக்கு மணி அடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது.

அந்தப் படம் இப்போது இங்கிலாந்தில் பெட்போர்டு நகரின் காட்சிசாலையில் இருக்கிறது. பார்ப்பதற்கு அது மூன்று மணி நேர வேலை. உண்மையில் அதற்குப் பின்னால் முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது.

மஞ்சள் வாளியும் துடைப்பமும்

1819-ல் டர்னர் முதல் முறையாக இத்தாலி முழுவதையும் சுற்றிப் பார்த்தார். தண்ணீரில் மிதப்பது போல இருக்கும் வெனிஸ் நகரத்து வெளிச்சம் அவரை மயக்கியது. அதன் பிறகு அவருடைய படங்களில் நிறம் பிரகாசமாயிற்று. கோடுகள் குறைந்தன. ஒளியே படம் முழுவதும் நிறைந்தது.

பலருக்கு இது பிடிக்கவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. ஒரு பனிப்புயல் படத்தைச் சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று பரிகாசம் செய்தார்கள். 1846-ல் ஒரு கேலிச் சித்திரம் வெளியாயிற்று. அதில் டர்னர் கையில் தூரிகைக்குப் பதிலாகப் பெரிய துடைப்பம் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளி. வாளியின் மேல் மஞ்சள் என்று எழுதியிருந்தது.

1829-ல் தகப்பனார் காலமானார். முதல் படத்தைக் கடையில் மாட்டி வைத்தவர் போய்விட்டார். அது டர்னருக்குப் பெரிய அடி.

ஆனாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. பாணியையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1843-ல் ஜான் ரஸ்கின் என்ற 24 வயது இளைஞர் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். இயற்கையை டர்னரைப் போல உண்மையாகக் கண்டவர் வேறு யாரும் இல்லை என்று அதில் வாதாடினார். அந்தப் புத்தகம் பலருடைய கண்களைத் திறந்தது.

வானம் பேசிய படங்கள்

நீர்வர்ணத்தில் கற்ற வித்தையை டர்னர் எண்ணெய் வர்ணத்திலும் பயன்படுத்தினார். அப்படி வந்ததுதான் 'டெமரேர்' கப்பல் படம். 1805-ல் நடந்த டிரபால்கர் கடற்போரில் வீரத்தோடு போரிட்ட கப்பல் அது. 1838-ல் அதை உடைப்பதற்காகத் தேம்ஸ் நதியில் இழுத்துச் சென்றார்கள். கிழக் கப்பலைச் சின்னஞ்சிறிய நீராவிப் படகு இழுத்துப் போவதாக டர்னர் தீட்டினார். பக்கத்தில் சூரியன் அஸ்தமிக்கிறது. ஒரு கப்பலின் வாழ்வு முடிவதை அந்த வானமே சொல்லிவிடுகிறது. 1839-ல் கண்காட்சியில் வைத்த அந்தப் படத்தை அவர் கடைசி வரை விற்கவில்லை.

1840-ல் இன்னொரு படம் வந்தது. அடிமைக் கப்பல் என்று அதைச் சொல்வார்கள். 1781-ல் 'சாங்' என்ற கப்பலில் ஒரு கொடுமை நடந்தது. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக, ஆப்பிரிக்க அடிமைகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடலில் எறிந்து கொன்றார்கள். அத்தகைய கொடுமையைத்தான் டர்னர் அந்தப் படத்தில் காட்டினார். அதிலும் அஸ்தமன வானம் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு மனத்துக்கு இன்பம் தரும் சிவப்பல்ல. இரத்தம் போன்ற சிவப்பு. பார்ப்பவர் நெஞ்சம் பதைக்கிறது.

கிழக் கப்பலுக்கு இரங்குவதும் அந்தி வானம்தான். அடிமைகளுக்காக ஆத்திரப்படுவதும் அந்தி வானம்தான். அழகுக்காக மட்டும் அவர் வானத்தைத் தீட்டவில்லை.

1842-ல் சுவிட்சர்லாந்தின் ரீகி மலையை அவர் நீர்வர்ணத்தில் மூன்று முறை தீட்டினார். விடியற்காலையில் நீலமாக ஒன்று, இருளும் ஒளியும் கலந்து ஒன்று, மாலை வெயிலில் சிவப்பாக ஒன்று. மலை ஒன்றே, வெளிச்சம்தான் வேறு. அப்போது அவருக்கு 67 வயது. அந்த வரிசையில் ஒரு படத்துக்கு அவர் கேட்ட விலை 80 கினி, அதாவது 84 பவுன். அதற்கே ஆட்கள் தயங்கினார்கள். 'நீல ரீகி' படம் 2006-ல் 58 லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அடுத்த ஆண்டு பொதுமக்களும் பணம் கொடுத்து உதவ, லண்டன் டேட் காட்சிசாலை அதை வாங்கியது.

மொட்டை மாடியில் ஒரு கிழவர்

கடைசிக் காலத்தில் டர்னர் லண்டனின் செல்சி பகுதியில், தேம்ஸ் கரையில் ஒரு சிறிய வீட்டில் வசித்தார். சோபியா பூத் என்ற விதவை அவரைக் கவனித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் யாரென்று தெரியாது. ஓய்வு பெற்ற கப்பல் தளபதி என்று நினைத்துப் பூத் தளபதி என்றே அழைத்தார்கள். வீட்டின் கூரை மேல் கைப்பிடிச் சட்டம் அமைத்து, அங்கே நின்று நதியையும் வானத்தையும் பார்ப்பது அவர் வழக்கம்.

1851 டிசம்பர் 19-ந் தேதி அந்த வீட்டில் அவர் உயிர் நீத்தார். அவருக்கு வயது 76. செயின்ட் பால் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ரேனால்ட்ஸின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

உயிலும் வழக்கும்

டர்னர் விட்டுச் சென்ற சொத்து சுமார் 1,40,000 பவுன். நலிந்துபோன ஓவியர்களுக்கு அந்தப் பணத்தில் ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். 1856-ல் வழக்கு முடிந்தது. பணத்தில் பெரும் பகுதி உறவினர்களுக்குப் போயிற்று. ஏழை ஓவியர்களுக்கான இல்லம் எழவே இல்லை.

படங்கள் மட்டும் நாட்டுக்குக் கிடைத்தன. எண்ணெய் வர்ணப் படங்கள் சுமார் 300. காகிதப் படங்கள் சுமார் 30,000! அவற்றில் அவர் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த நூற்றுக்கணக்கான வர்ணச் சோதனைகளும் இருந்தன. ஒரு மஞ்சள் பட்டை, ஒரு சிவப்புக் கீற்று, நடுவே வெள்ளைக் காகிதம். அவ்வளவுதான். முடியாத படங்கள் என்று நீண்ட காலம் அவற்றைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள்.

1928 ஜனவரியில் தேம்ஸ் நதி கரை புரண்டது. டேட் காட்சிசாலையின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தது. டர்னரின் காகிதப் படங்களும் நனைந்தன. எடுத்து உலர்த்திக் காப்பாற்றினார்கள். 1987-ல் அவருடைய படங்களுக்காகவே டேட் காட்சிசாலையில் தனிக் கட்டடம் திறந்தார்கள். 2020-ல் வெளியான 20 பவுன் நோட்டில் அவருடைய முகமும் 'டெமரேர்' கப்பலும் இடம் பெற்றன.

நீர்வர்ணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அது மங்கிவிடும். டர்னர் ஆசையோடு பயன்படுத்திய சில சிவப்பு நிறங்கள் வெகு சீக்கிரம் வெளுத்துவிடுபவை. ஹென்றி வான் என்ற செல்வர் இதை அறிந்திருந்தார். தாம் சேர்த்து வைத்திருந்த டர்னர் படங்களில் 38 படங்களை அவர் எடின்பரோ காட்சிசாலைக்கு எழுதி வைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார். வெயில் மிகவும் குறைந்திருக்கும் ஜனவரி மாதத்தில் மட்டும் அவற்றை மக்களுக்குக் காட்ட வேண்டும்; மற்ற மாதங்களில் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

1900-ல் அந்தப் படங்கள் எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தன. அது முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கே டர்னர் கண்காட்சி நடக்கிறது. வெளியே குளிரும் இருட்டுமாக இருக்கும். மக்கள் கோட்டு அணிந்து, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே, முடி திருத்துபவரின் மகன் காகிதத்தில் விட்டுச் சென்ற மாலை வெயில் அவர்களுக்காகக் காத்திருக்கிறது.